கரிசல் மனையில் பேஸ்மட்டம்: எடுத்த மண்ணையே திருப்பிப் போடலாமா?

கரிசல்மனை கேட்டது:

கோவில்பட்டிப் பக்கம் மனை, முழுக்கக் கரிசல். வீடு வெளி அளவு 28 × 36 அடி, 12 காலம் (தூண்). ஃபுட்டிங் (தூணோட அடித்தளம்) குழி ஒவ்வொண்ணும் 5 × 5 அடி, ஆழம் 6 அடி. தரை மட்டத்துல காலங்களை இணைக்கிற கிரேடு பீம் போட்டாச்சு. குழி இருக்கிற இடத்துல அடிப்பலகை அடிச்சுத்தான் ஊத்தினது, அதனால குழிகள் இன்னும் மூடாமலே கிடக்கு. பீமுக்கு மேல 9 இன்ச் சாலிட் பிளாக் சுவரும் முடிஞ்சது. முன்பக்கம் பேஸ்மட்டம் (மனைத் தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை உயரம்) 3 அடி. பின்பக்கம் மனை சரிவு, அங்க 5 அடி வருது. இப்ப அந்தச் சுவர்மேல வர்ற பிளிந்த் பீமுக்குக் கம்பி கட்டிட்டு இருக்காங்க.

மேஸ்திரி சொல்றது: பீம் போட்டுட்டா ஜேசிபி உள்ள இறங்க முடியாது. அதனால இப்பவே குழியில எடுத்த கரிசலைத் தள்ளி மூடிடலாம், பேஸ்மட்டத்துக்கும் அதையே போட்டு, மேல தண்ணி கட்டி ஒரு மாசம் விட்டா தானா இறுகிடும்.

என் கேள்விகள்:
1. கரிசலையே திருப்பிப் போடலாமா?
2. பீமுக்கு முன்னாடி நிரப்புறதா, பின்னாடியா?
3. தண்ணி கட்டினா போதுமா, திமிசு போட்டு இடிச்சு இறுக்கணுமா?
4. வெளி மண் வாங்குறதுன்னா எத்தனை யூனிட்?

ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும்.

---

மட்டக்கோல் பதில்:

இரண்டாவது கேள்விதான் அவசரம், அதை முதல்ல பார்ப்போம். பிளிந்த் பீம் போட்டு இறுகுற வரைக்கும் உள்ளே மண் போடாதீங்க. குறிப்பா அந்தப் பின்பக்கச் சுவர் ஓரமா ஒரு கூடைகூட வேண்டாம்.

காரணம் இதுதான். 5 அடி உயரத்துக்கு நிரப்பின ஈர மண், சுவரோட ஒவ்வொரு ஓடும் அடிக்கும் (நீளவாக்கில்) சுமார் 200 கிலோ பக்கவாட்டில் தள்ளும். 3 அடிப் பக்கத்தோடு ஒப்பிட்டா தள்ளுவிசை ஏறக்குறைய மூணு மடங்கு, சுவரை அடியிலிருந்து சாய்க்கிற திருப்பம் நாலரை மடங்கு. மேலே பிடிப்பில்லாத 9 இன்ச் சுவர் தன் எடையால மட்டுமே நிக்குது. 5 அடி உயரத்துக்கு அந்த எடை ஓடும் அடிக்கு 230 கிலோ பக்கம்தான் வரும், அதுவும் அடியோட வெளி விளிம்புல இருந்து நாலரை இன்ச் நெம்புதூரத்துல. கணக்குப் போட்டா சாய்க்கிற திருப்பத்துல கால் பங்கைத்தான் அது தாங்கும். மீதியைக் கலவை ஒட்டுதான் பிடிச்சாகணும், அதை நம்பக்கூடாது. பீம் விழுந்துட்டா நிலைமை வேற. கீழே கிரேடு பீம், மேலே பிளிந்த் பீம், ரெண்டுக்கும் நடுவுல சுவர் பலகை மாதிரி ஊன்றி நிக்கும்.

இதுல தண்ணியையும் கட்டினா 200 கிலோங்கிறது 400-ஐத் தாண்டிடும். மண்ணோட தள்ளுதலுக்கு மேல தண்ணியோட அழுத்தம் தனியாச் சேருது. தண்ணிக்கு உள்உராய்வு கிடையாது, அது முழு அழுத்தத்தையும் சுவர் மேல போடும். மேஸ்திரி சொல்ற ஒரு மாசத்துல சுவர் விழாமலும் போகலாம். ஆனா பிளாக் மூட்டுல படுக்கைவாட்டா முடிபோல ஒரு விரிசல், நடுவுல அரை இன்ச் வயிறு தள்ளல், இது ரெண்டும் வரும். பூசி மறைச்சிடுவாங்க, அப்புறம் தெரியாது.

பீம் போட்டபிறகு எத்தனை நாள்? பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட்னா 10 நாள் நனைச்சு ஆத்துங்க. 3 அடிப் பக்கத்துல அதுக்குப் பிறகு ஆரம்பிக்கலாம். 5 அடிப் பக்கம் 14 நாள் போகட்டும். அந்தப் பக்கம் நிரப்பி முடிக்கிற வரைக்கும் வெளியிலிருந்து சவுக்குக் கட்டை முட்டுக் கொடுங்க. சுவர்மேல 2 இன்ச் பலகை, 4 அடிக்கு ஒரு சாய்வு முட்டு, கீழே ஆப்பு அடிச்சு. ரெண்டு மூணு ஆயிரம் வாடகைக்கு யோசிக்க வேண்டாம்.

ஜேசிபி உள்ள இறங்கவே வேண்டியதில்லை. உங்க அகலம் 28 அடி, பின்வாளி 15 அடி எட்டும். ரெண்டு பக்கமும் வெளியில நின்னு பீமுக்கு மேலாக உள்ள கொட்டலாம். பரப்புறது ஆள் வேலை. ஏழரை டன் வண்டியை நிரப்பின மண்மேல ஏத்தி, சுவர் ஓரமா ஓட்டி "இறுக்கினா" மேல சொன்ன கணக்கு எல்லாம் வீண்.

குழிகளை இப்பவே மூடலாம், அது தனி வேலை. காலத்துக்கு ஒரே பக்கமா மண்ணைக் கவிழ்க்கக் கூடாது. நாலு பக்கமும் சமமா ஏறணும், ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு அடிக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. குழிக்குள்ள தட்டுப்பலகைத் துண்டு, சிமெண்ட் சாக்கு, சவுக்குக் குச்சி கிடந்தா முதல்ல பொறுக்கி வெளிய போடுங்க. மக்கினா பொந்து, மக்காத வரைக்கும் கரையானுக்குச் சாப்பாடு.

---

சரள்வண்டி பதில்:

மண் பத்தி.

கரிசல் உள்ளே வேண்டாம். நனைஞ்சா வீங்கும், காய்ஞ்சா சுருங்கும், டைல்ஸ் அதுக்கு ஏத்த மாதிரி எழும்பி இறங்கும். உங்க மண் எவ்வளவு வீங்கும்னு தெரிஞ்சுக்க ஒரு எளிய சோதனை இருக்கு. மண்ணை அடுப்புச் சூட்டுல நல்லாக் காயவெச்சு, பொடிச்சு, 425 மைக்ரான் சல்லடையில சலிச்சு, 10 கிராம் 10 கிராமா ரெண்டு 100 மில்லி அளவுக் குழாய்ல போடுங்க. ஒண்ணுல மண்ணெண்ணெய், இன்னொண்ணுல வடிநீர் ஊத்திக் கலக்கி 24 மணி நேரம் விடுங்க. மண்ணெண்ணெய்ல மண் வீங்காது. அதுல 10 மில்லியிலயும் தண்ணியில 17 மில்லியிலயும் மண் நின்னா வீக்கம் 70 விழுக்காடு. 50-ஐத் தாண்டினாலே மிக அதிகம்னு வகை. மண் பரிசோதனைக் கூடத்துல ஐ.எஸ். 2720 பகுதி 40-னு கேட்டா இதையேதான் செய்வாங்க.

போட வேண்டியது சரள், அதாவது கல் கலந்த மண். ஆனா சரள்னு சொல்லி வர்ற எல்லா லோடும் சரள் இல்லை. கொஞ்சம் களிப்பிடிப்பு இருக்கணும், ஆனா கையில பிசைஞ்சா மாவு மாதிரி ஒட்டக் கூடாது. 3 இன்ச்சுக்கு மேல கல், வேர், கட்டட இடிபாடு இருந்தா லோடைத் திருப்பிடுங்க. லோடு இறங்கும்போது மேலாக்க மட்டும் பார்க்காதீங்க, வண்டி பாதி தூக்கினபிறகு அடியில என்ன வருதுன்னு பாருங்க. ஏமாத்துறது அங்கதான்.

யூனிட் கணக்கு (100 கன அடி ஒரு யூனிட்):

உள்பரப்பு சுவர் போக சுமார் 900 சதுர அடி. பேஸ்மட்டம் சராசரி 4 அடி. அதுல பி.சி.சி. (கம்பியில்லாக் கான்கிரீட்) 4 இன்ச், டைல்ஸும் கலவையும் 3 இன்ச்னு 7 இன்ச் கழிங்க. 3.4 அடி நிக்குது. 900 × 3.4 = 3,060 கன அடி. தரையில இருக்கிற கரிசலை உள்பக்கம் ஒரு அடி சீவி எடுக்கச் சொல்வேன், அது 900. ஆக 3,960, சுமார் 40 யூனிட். இது இறுகினபிறகு இருக்க வேண்டிய அளவு. லாரியில வர்றது உதிரி மண், அதனால கால் பங்கு கூட்டணும்: 50 யூனிட்.

குழிகள்: 5 × 5 × 6 = 150 கன அடி, கான்கிரீட் 25 போக 125. பன்னிரண்டுக்கு 1,500. கால் பங்கு கூட்டினா 19 யூனிட்.

மொத்தம் 69, பேச்சுக்கு 70. நாலு யூனிட் டிப்பர்னா 17, 18 நடை. டிப்பர் பெட்டியை உள்பக்கம் டேப் வெச்சு அளந்துட்டுப் பேசுங்க. "நாலு யூனிட்"னு சொல்ற வண்டி பெட்டியில மூணரை இருக்கிறது புதுசில்லை.

எடுத்த கரிசலை என்ன பண்றதுன்னா, வீட்டுக்கு 10 அடி தள்ளி மரம் வைக்கிற பக்கம் பரப்புங்க. மரமும் வீட்டை ஒட்டி வேண்டாம். கரிசல்ல வேர் ஈரத்தை உறிஞ்சினா அந்த மூலை மட்டும் இறங்கும்.

---

பழைய ஓவர்சியர் பதில்:

மட்டக்கோல், நீங்க தண்ணி கட்டுறதை ஒரேயடியா மோசம்னு ஆக்கிட்டீங்க. அது அரசு வேலையில இருக்கிற முறைதான். மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பிலேயே இருக்கு: 20 செ.மீ.க்கு மேற்படாத அடுக்கா மண் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணி தெளிச்சு திமிசு போட்டு, மட்டம் வந்தபிறகு குறைஞ்சது 24 மணி நேரம் தண்ணி கட்டி, காயவிட்டு, திரும்பவும் இடிச்சு இறுக்கணும். மேஸ்திரிமார் அந்தக் கடைசி வரியை மட்டும் வெச்சுக்கிட்டு முன்னாடி இருக்கிறதை விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

---

மட்டக்கோல் பதில்:

சரிதான் ஐயா, நான் சொன்னது திமிசுக்குப் பதிலா தண்ணி கட்டுறதை. அடுக்கடுக்கா இடிச்ச மண்ணுக்கு கடைசியில தண்ணி கட்டுறது ஒரு பரீட்சை மாதிரி, எங்க விட்டுப்போச்சோ அங்க இறங்கிக் காட்டிடும்.

3 அடி, 5 அடி உயரத்துக்கு உதிரியாக் கொட்டி மேல தண்ணி விட்டா நடக்கிறது வேற. சுத்தமான மணல்னா தண்ணி சட்டுனு கீழ இறங்கும், மணிகள் நெருங்கி உக்காரும், அதுக்கு அந்த முறை சரி. சரள்ல களி இருக்கு. மேல ஒரு அடி குழைஞ்சு சேறாகி மூடிக்கும், கீழே தண்ணி போகாது. உள்ளே காய்ஞ்ச கட்டி கட்டியா, நடுவுல காத்தோட அப்படியே நிக்கும். மேல நடந்து பார்த்தா கல்லு மாதிரி இருக்கும். ரெண்டு மூணு மழைக்காலம் கழிச்சு, குளியலறைக் குழாய் மூட்டுல கசிவு வந்து அந்தக் கட்டிகள் நனையும்போதுதான் கரைஞ்சு இறங்கும். தரைக்கும் சுவருக்கும் நடுவுல ஓடுற அந்தக் கறுப்புக் கோடு இப்படித்தான் வருது. சுவர் பீம்மேல நிக்குது, இறங்காது. தரை மண்மேல நிக்குது, இறங்கும்.

இன்னொண்ணு, இந்த மனையில அடியில கரிசல். 24 மணி நேரம் தண்ணி கட்டினா அது கீழே போய்க் கரிசலை வீங்க வைக்கும். அதனால இங்க அந்தக் கடைசிப் பரீட்சையையும் விட்டுட்டு, அடுக்கை மட்டும் கண்டிப்பாப் பார்க்கச் சொல்வேன்.

---

பழைய ஓவர்சியர் பதில்:

அடியில கரிசல்னா ஒத்துக்கிறேன். அங்க தெளிக்கிறதோட நிறுத்திக்கலாம்.

---

கரிசல்மனை கேட்டது:

நன்றி. மேஸ்திரிகிட்ட பேசிட்டேன், பீமுக்குப் பிறகுதான்னு ஒத்துக்கிட்டார். இன்னும் மூணு சந்தேகம். எவ்வளவு தண்ணி தெளிக்கணும், இறுகிடுச்சுன்னு எப்படித் தெரியும்? சரளுக்குப் பதிலா கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கிற ஆலைத் தூள்) மலிவாக் கிடைக்குது, போடலாமா? கரையான் மருந்து எந்தக் கட்டத்துல?

---

அடுக்குமண் பதில்:

அடுக்கு: உதிரியா 8 இன்ச் பரப்பினா இறுகி 6 இன்ச் வரணும். நிரப்புறதுக்கு முன்னாடியே உள்சுவர்ல 6 இன்ச்சுக்கு ஒரு கோடு சுண்ணாம்புல போட்டுடுங்க. கோடு இல்லேன்னா மத்தியானத்துக்கு மேல அடுக்கு ஒன்றரை அடி ஆயிடும், யாரையும் குறை சொல்ல முடியாது, கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கம் தாழ்வா இருக்கிறதால அங்கிருந்து ஆரம்பிச்சு, முன்பக்கத் தரை மட்டம் வந்தபிறகு முழுப் பரப்புக்கும் ஒரே அடுக்கா ஏத்துங்க. சரிவுமேல சாய்வா அடுக்கு போடாதீங்க, படிபடியா வெட்டிப் போடுங்க. உள்சுவர்கள் இருந்தா அதோட ரெண்டு பக்க அறையும் சேர்ந்தே ஏறணும்.

தண்ணி: கொட்டும்போதே தெளிச்சுக் கலக்கணும், இடிச்சபிறகு இல்லை. ஒரு கைப்பிடி மண்ணை அழுத்திப் பிடிங்க. உருண்டையா நிக்கணும், உள்ளங்கை ஈரமாகணும், ஆனா தண்ணி கசியக் கூடாது. அதை இடுப்பு உயரத்துல இருந்து போட்டா ரெண்டு மூணு துண்டா உடையணும். பொடியாச் சிதறினா தண்ணி பத்தலை, தட்டையா அப்பிக்கிட்டா அதிகம். நல்லாக் காய்ஞ்ச சரள்னா உங்க பரப்புக்கு ஒரு அடுக்குக்கு சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். மழையில நனைஞ்ச லோடா இருந்தா ஒரு சொட்டும் வேண்டாம், ஒரு நாள் பரப்பிக் காயவிடுங்க. ஈரம் அதிகமான மண்ணை இடிச்சா ரப்பர் மாதிரி ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும். அதுக்குமேல எத்தனை தடவை இடிச்சாலும் பிரயோசனம் இல்லை.

மிஷின்: சரள்ல களி இருக்கிறதால குதிக்கிற ராம்மர் நல்லது, பிளேட் காம்பாக்டர் மணலுக்கும் ஜல்லிக்கும்தான் சரியா வேலை செய்யும். ஒரு இடத்துல நாலு நடை. சுவர் ஓரம் ஒன்றரை, ரெண்டு அடிக்கு கைத்திமிசு மட்டும். மூலையும் காலத்தைச் சுத்தியும்தான் எல்லாரும் விடுற இடம், அங்க நீங்களே நில்லுங்க.

இறுகினது தெரிய: 12 மி.மீ. கம்பியை முனை சீவாம உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்க. ஒரு இன்ச்சுக்கு மேல இறங்கினா அந்த இடம் திரும்ப இடிக்கணும். இது குத்துமதிப்புதான். எழுத்துல வேணும்னா பரிசோதனைக் கூடத்துல உங்க சரளுக்கு பிராக்டர் சோதனை (அதிகபட்சம் எவ்வளவு இறுகும்னு பார்க்கிறது) செஞ்சு, களத்துல அடர்த்தி எடுக்கச் சொல்லுங்க. அதுல 95 விழுக்காடு வந்தா போதும். கோர் கட்டர் (மண்ணை உருளையா வெட்டி எடுக்கிற குழாய்) கொண்டுவந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, கல் கலந்த மண்ல அது சரியா இறங்காது. சரளுக்கு மணல் மாற்று முறைதான் (மண்ணை எடுத்த குழியில மணல் நிரப்பி அளக்கிறது). ரெண்டாவது அடுக்குலயும் நடு அடுக்குலயும் எடுத்தாலே போதும், கடைசியில மட்டும் எடுத்தா மேல் 6 இன்ச்சோட கதைதான் தெரியும்.

கிரஷர் டஸ்ட்: சரளா, டஸ்ட்டான்னு விலையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கரிசல்ல தோண்டின குழி ஒரு தொட்டி மாதிரி, சுத்திலும் தண்ணி இறங்காத களி. அதுக்குள்ள டஸ்ட்டோ மணலோ போட்டா மழைத் தண்ணி எல்லாம் அதுக்குள்ள வந்து நிக்கும், வெளியேற வழியில்லை. ஃபுட்டிங்கைச் சுத்தி இருக்கிற கரிசல் மழைக்காலம் முழுக்க ஊறும், கோடையில காயும். அதனால குழிகளுக்குள்ள டஸ்ட் கண்டிப்பா வேண்டாம், சரள்தான். பேஸ்மட்டத்துக்குள்ள, தரை மட்டத்துக்கு மேல மட்டும், வேணும்னா மேல் அடுக்கு 4 இன்ச் டஸ்ட் போடலாம், பி.சி.சி.க்கு மட்டம் பிடிக்க வசதி.

கிரேடு பீமுக்கு அடியில குழியை நிரப்பும்போது கடைசி மூணேகால் இன்ச் காலியா விடுங்க. கரிசல்ல பீமுக்கும் மண்ணுக்கும் நடுவுல குறைஞ்சது 80 மி.மீ. இடைவெளி வைக்கிறது வழக்கம், கீழே வீங்கினா பீமைத் தூக்காம இருக்க. எப்படியும் அங்க திமிசு நுழையாது. பக்கத்து மண் அதுக்குள்ள சரியாம இருக்க, பீமோட ரெண்டு ஓரமும் செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்துங்க. பீம் நேரடியா மண்மேல உக்காந்திருக்கிற மத்த இடங்களை இப்ப ஒண்ணும் செய்ய முடியாது, அங்க தண்ணி போகாமப் பார்த்துக்கறதுதான் வழி.

கழிவுக் குழாய்களை நிரப்பும்போதே புதைக்காதீங்க. முழுசா இறுக்கிட்டு, அப்புறம் வாய்க்கால் வெட்டி, அடியில 4 இன்ச் மணல் போட்டுப் பதிச்சு, மேலயும் மணல் போட்டு மூடுங்க. பீமைத் துளைச்சுப் போற இடத்துக்கு இப்பவே, கம்பி கட்டும்போதே, ஒரு அளவு பெரிய குழாயை உறையா வெச்சிடுங்க. நாளைக்கு பீமை உடைக்கிறதைத் தவிர்க்கலாம்.

கரையான் மருந்து: கடைசி அடுக்கு இடிச்சபிறகு, பி.சி.சி.க்கு முன்னாடி. சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை. உங்க 900 சதுர அடி 84 சதுர மீட்டர், ஆக 420 லிட்டர். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. மருந்துன்னா லிட்டருக்கு 2.1 மில்லி, மொத்தம் சுமார் 900 மில்லி. சுவர் ஓரமா உள்சுற்று முழுக்க அரையடிக்கு ஒரு துளை கம்பியால குத்தி, சுவர்ப் பரப்புல சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் கணக்குல தனியா ஊத்தணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. கரையான் ஏறுறது அந்த ஓரத்துலதான். குழிகளை மூடும்போதும் காலத்தைச் சுத்தி அதே அளவு. பக்கத்துல கிணறு இருந்தா மருந்து அடிக்கிறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அடிச்சபிறகு மேல தண்ணி விடக் கூடாது, மண்ணைக் கிளறக் கூடாது. மருந்து உறிஞ்சினதும் பி.சி.சி. போட்டு மூடிடுங்க. மேகம் கூடியிருக்கிற நாள்ல ஆரம்பிக்காதீங்க.

---

மட்டக்கோல் பதில்:

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

6 அடிக் குழி திறந்து கிடக்குன்னு சொன்னீங்க. கரிசல் காய்ஞ்சா செங்குத்தா வெட்டின சுவர் மாதிரி நிக்கும், நம்பி இறங்கிடுவாங்க. அதோட வெடிப்பு வழியாத் தண்ணி இறங்கினா ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து விழும். ஒன்றரை மீட்டருக்கு மேல ஆழம்னா பக்கத்தைச் சரிவாச் சீவணும், இல்லைன்னா பலகை முட்டுக் கொடுக்கணும். எடுத்த மண் குவியல் விளிம்புல இருந்து 5 அடி தள்ளி இருக்கட்டும். ஜேசிபி வாளி அசையும்போது குழிக்குள்ள ஆள் இருக்கக் கூடாது: கொட்டு, வண்டி விலகட்டும், அப்புறம் ஆள் இறங்கிப் பரப்பி இடிக்கட்டும். ராம்மரைக் குழிக்குள்ள ஓட்டினா அதோட புகை அடியிலயே தங்கும், ஆளுக்கு ஆபத்து; அங்க கைத்திமிசுதான் நல்லது. மழை பெஞ்சு குழியில தண்ணி நின்னா மோட்டார் வெச்சு இறைச்சிட்டு, அடியில இருக்கிற சேத்தை 2, 3 இன்ச் வழிச்சு எடுத்தபிறகுதான் சரள்.

வெளிப்பக்கம்: நிரப்பி முடிச்ச அன்னிக்கே வீட்டைச் சுத்தி மண்ணை வெளியே பார்த்து வாட்டமா இழுத்துடுங்க. 3 அடி அகலத்துக்கு ஒன்றரை, ரெண்டு இன்ச் இறக்கம் இருந்தாப் போதும். அதுமேல சுவரைச் சுத்திப் போடுற பிளிந்த் புரொட்டக்‌ஷன் கான்கிரீட்டை "கடைசியில, பெயின்ட் அடிக்கும்போது"ன்னு தள்ளிப் போடாதீங்க. உங்க மனையில சரிவு பின்பக்கம் போறதால முன்பக்கத்து மழைத் தண்ணி ரெண்டு பக்கச் சந்து வழியாத்தான் போகணும். அந்தச் சந்துல செங்கல், மணல் குவிச்சு வெச்சீங்கன்னா தண்ணி அங்கேயே தேங்கி கிரேடு பீமுக்கு அடியில போயிடும். குவியலை ரோட்டோரம் மாத்திட்டு ஐப்பசியை எதிர்பாருங்க.

---

கரிசல்மனை பதில்:

சந்துல இப்ப மூணு யூனிட் எம் சாண்ட் கிடக்கு. நாளைக்கு காலையில முதல் வேலை அதுதான்.